பச்சை உடம்புக்கு நாற்பது நாள்

ஜொகூரில், குளுவாங்கிலிருந்து மெர்சிங் போகிற சாலையில் இருக்கிறது காஹாங். இருபக்கமும் செம்பனை. பழக்குலை ஏற்றிய லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் அவ்வளவுதான், அதன் வேகத்தில்தான் நாமும் போகவேண்டும். பிரசவத்துக்குக் குளுவாங்கிலுள்ள என்சே பெசார் ஹஜ்ஜா கல்சோம் மருத்துவமனைக்குப் போகிறோம். சுகப்பிரசவம் என்றால் பெரும்பாலும் மறுநாளே வீடு. சிசேரியன் என்றால் கூட இரண்டு மூன்று நாள். பிள்ளையைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு அதே சாலையில் திரும்பி வந்து காரை விட்டு இறங்கும்போது, அடுக்களையில் சுக்கும் மிளகும் வறுபடுகிற வாசனை வாசலுக்கே வந்துவிடும். அங்கிருந்து தொடங்குகிறது நாற்பது நாள். அந்த நாற்பது நாளில் ஒரு தாய் தன்னை எப்படிப் பார்த்துக்கொள்வது, அவளைச் சுற்றியிருப்பவர்கள் என்ன செய்வது என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

பிள்ளை பெற்றவளைப் ‘பச்சை உடம்புக்காரி’ என்கிறோம். சரியான பெயர். நஞ்சுக்கொடி பிரிந்த இடத்தில், கருப்பைக்குள்ளே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு புண் இருக்கிறது. வெளியே தெரியாததால் அதை யாரும் புண்ணாக நினைப்பதில்லை. பேறுகால உதிரப்போக்கு அந்தப் புண் ஆறுவதன் அடையாளம். முதலில் சிவப்பாகவும், பிறகு பழுப்பாகவும், கடைசியில் வெளுத்தும் போய் நான்கு முதல் ஆறு வாரத்தில் நிற்கும். விரிந்த கருப்பை பழைய அளவுக்குச் சுருங்குவதற்கும் ஏறக்குறைய ஆறு வாரம் பிடிக்கும். டாக்டர் சொல்கிற ஆறு வாரமும் பாட்டி சொல்கிற நாற்பது நாளும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பக்கத்து வீட்டு மலாய்க்காரர்கள் 44 நாள் பந்தாங், அதாவது பத்தியம், இருப்பார்கள், சீனர்கள் ஒரு மாதம். மூன்று இனத்துக்காரர்களும் உடம்பைப் பார்த்தே இந்தக் கணக்குக்கு வந்திருக்கிறார்கள்.

பத்தியம் என்பதில் இரண்டு பாதி உண்டு. ஒன்று, இதைத் தின்னாதே, அதைக் குடிக்காதே என்பது. மற்றது, இந்த வேலையைத் தொடாதே, குனியாதே, தூக்காதே, படுத்திரு என்பது. நம் வீடுகளில் முதல் பாதி அப்படியே இருக்கிறது. இரண்டாவது பாதி கைநழுவிப் போய்விட்டது. பிரசவமான ஐந்தாம் நாள் ஒரு பெண் இளநீரைத் தொடக்கூடாது, மோர் குடிக்கக்கூடாது என்பதில் வீடே கண்டிப்பாக இருக்கும். அதே பெண் துணி துவைக்கும் இயந்திரத்துக்கு முன்னால் குனிந்து ஈரத்துணியை வாளியில் அள்ளிக்கொண்டிருப்பாள், அதை யாரும் கேட்கமாட்டார்கள். கேட்பதற்கு ஆள் இருந்தால்தானே. அண்ணன் ஜொகூர் பாருவில், அக்கா சிங்கப்பூரில், அம்மா இன்னும் வேலைக்குப் போகிறார், கணவர் விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுகிறார்.

அந்தக் காலத்துத் தோட்டத்தில் எல்லாம் நன்றாக இருந்தது என்று நான் சொல்லவரவில்லை. என் அம்மா பால்மரம் வெட்டியவர். இருட்டோடு எழுந்து, கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு நிரைக்குப் போனவர். மார்பு கட்டிக்கொண்டு வலிக்க வலிக்க வேலை செய்த கதையை இன்றும் சொல்வார். ஆனால் லயத்தில் ஒரு வீட்டில் பிள்ளை அழுதால் நான்கு வீட்டுக்குக் கேட்கும். யாராவது ஒருவர் வந்து எட்டிப் பார்ப்பார். இப்போது வீடுகளுக்கு நடுவே மதில் வந்துவிட்டது.

உதவிக்கு ஆள் இல்லாமல் போவது வெறும் சிரமம் மட்டும்தானா? இல்லை, அது நோயாகவே மாறக்கூடியது. தமிழ்நாட்டில் வேலூருக்குப் பக்கத்திலுள்ள கணியம்பாடி வட்டாரத்துக் கிராமங்களில் கர்ப்பிணிகளைப் பிரசவத்துக்குப் பிறகும் தொடர்ந்து கவனித்துச் செய்த ஓர் ஆய்வு 2002-இல் வெளியானது. அந்தத் தாய்மார்களில் 11 சதவீதம் பேருக்குப் பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வு நோய் புதிதாக வந்திருந்தது. எந்தச் சூழலில் அது அதிகம் வந்தது என்றும் பார்த்தார்கள். குறைந்த வருமானம், ஆண்பிள்ளையை எதிர்பார்த்த வீட்டில் பெண்பிள்ளை பிறந்தது, மாமியாரோடோ பெற்றோரோடோ மனஸ்தாபம், கர்ப்ப காலத்தில் நேர்ந்த துன்பம், இவற்றோடு, வேலைக்குக் கைகொடுக்க ஆள் இல்லாமை. பட்டியலின் கடைசியில் உள்ளதைத்தான் நான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். மற்றவற்றை மாற்றுவது கஷ்டம். ஒரு வாளித் துணியை அலசிப் போடுவது கஷ்டமில்லை.

அதனால் ‘தன்னைப் பார்த்துக்கொள்வது’ என்று நான் சொல்லும்போது, ஏற்கனவே களைத்துப்போனவள் தலையில் இன்னொரு வேலையை ஏற்றவில்லை. அவள் செய்யவேண்டியது பெரும்பாலும் கேட்பது, படுப்பது, சாப்பிடுவது, உடம்பில் ஒன்று சரியில்லை என்றால் உடனே வாய்விட்டுச் சொல்வது. மீதியை வீடு செய்யவேண்டும்.

சாப்பாட்டிலிருந்து தொடங்குவோம். பத்தியச் சாப்பாட்டில் நல்லது நிறைய இருக்கிறது. பூண்டுக் குழம்பு, மிளகு ரசம், முருங்கைக்கீரை, நல்லெண்ணெய், முட்டை, மீன். இவற்றில் எதையும் விடவேண்டாம். விரால் மீனை இந்த நாட்டில் எல்லா இனத்தாரும் பிரசவமான பெண்ணுக்குத் தேடிப்பிடித்து வாங்கிக் கொடுக்கிறார்கள், புண் ஆறும் என்று. நல்ல புரதம், கொடுக்கலாம். சுறாப் புட்டு விஷயத்தில் மட்டும் என் பாட்டியோடு நான் மாறுபடுகிறேன். பெரிய மீனைத் தின்று வளரும் மீன் சுறா. அதன் சதையில் பாதரசம் சேர்ந்திருக்கும், தாய்ப்பால் வழியாகப் பிள்ளைக்கும் போகும். பாலூட்டுகிறவர்கள் சுறாவைத் தவிர்ப்பது நல்லது. கெம்போங், நெத்திலி போன்ற சின்ன மீன்களிலேயே அதே சத்து கிடைக்கும், விலையும் குறைவு.

தவறாகப் போவது விலக்கில்தான். ‘தண்ணி குடிச்சா வயிறு தொங்கிடும்’ என்று சொல்லி, நாளுக்கு ஒரு குவளை வெந்நீரோடு நிறுத்துகிற வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். தாய்ப்பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர். பால் நன்றாகச் சுரக்கத் தொடங்கியதும் ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் அளவுக்கு அவள் உடம்பிலிருந்து போகிறது. இது ஜொகூர். ஜன்னலைச் சாத்தி, காலுறை போட்டு, தலையில் துணி கட்டி உட்காரவைத்தால் வியர்வையாகவும் போகிறது. தண்ணீர் குறைந்தால் மலம் இறுகும், தையல் போட்ட இடத்தில் அது என்ன வேதனை என்று அனுபவித்தவளுக்குத்தான் தெரியும். சிறுநீர் எரியும், தலை வலிக்கும், காலில் ரத்தம் கட்டுகிற ஆபத்தும் கூடும். குளிர்ந்த தண்ணீர் வேண்டாம் என்றால் வேண்டாம். வெதுவெதுப்பாகவே குடிக்கட்டும், ஆனால் தாகம் தீரக் குடிக்கட்டும். நான் சொல்லும் வழி எளிது: பிள்ளைக்குப் பால் கொடுக்க உட்காரும் ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் ஒரு குவளை தண்ணீர். நாளுக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை பால் கொடுக்கிறோம். கணக்கு தானாகச் சரியாகிவிடும்.

காதில் பஞ்சு வைப்பதால் யாருக்கும் கெடுதல் இல்லை. வைக்கட்டும், பாட்டிக்கும் திருப்தி. சாம்பிராணிப் புகை போடும்போது மட்டும் பிள்ளை வேறு அறையில் இருக்கட்டும். காய மருந்தில் சுக்கும் திப்பிலியும் கருப்பட்டியும் இருக்கும்வரை அளவோடு சாப்பிடலாம். ஆனால் ‘உடம்புக்குச் சூடு’ என்று பிராந்தி ஒரு மூடி ஊற்றிக் கொடுக்கும் பழக்கம் நம் தோட்டங்களில் நெடுநாளாக உண்டு. அது பாலில் இறங்கும். வேண்டாம். கடையில் வாங்கும் பெயர் தெரியாத மாத்திரை, சூரணம் எதுவும் மிஸ்ஸியிடம் காட்டாமல் வாயில் போடக்கூடாது. கிளினிக்கில் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையைப் பிள்ளை பிறந்ததும் நிறுத்திவிடுகிறவர்கள் நிறைய. ரத்தம் போனது பிரசவத்தில்தானே, அப்போதுதான் அது அதிகம் தேவை. சொன்ன காலம் வரைக்கும் சாப்பிடுங்கள், தேத்தண்ணியோடு மட்டும் வேண்டாம். தேநீர் இரும்பை உடம்பில் ஏறவிடாது.

மிஸ்ஸி என்றேன். அரசாங்க கிளினிக்கிலிருந்து வீட்டுக்கே வருகிற தாதியைச் சொல்கிறேன். இந்த நாட்டில் பிள்ளை பெற்றவர்களுக்குக் கிடைக்கிற பெரிய கொடை இது. பிரசவமான 1, 2, 3, 4, 6, 8, 10, 20-ஆம் நாள் என்று அவர்கள் வருகைக்குக் கணக்கு உண்டு. மாத முடிவில் நாம் கிளினிக்குக்குப் போகவேண்டும். என் மூத்தவன் பிறந்து நான்காம் நாள் எங்கள் வீட்டுக்கு வந்தவர் பிள்ளையைத் தூக்குவதற்கு முன்னால் என் காலைத்தான் தொட்டார். கெண்டைக்கால் சதையை இரண்டு கையாலும் மெல்ல அழுத்தி, “சாக்கிட்?” என்று என் முகத்தைப் பார்த்தார். வலிக்கிறதா என்று கேட்டார். ரத்தம் கட்டியிருக்கிறதா என்று பார்க்கிற முறை அது என்று பின்னால் தெரிந்தது. பிறகு வயிற்றை அழுத்திக் கருப்பை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்தார், பேட் மாற்றும் கணக்கைக் கேட்டார், ரத்த அழுத்தம் எடுத்தார், பிள்ளையை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் மஞ்சள் காமாலை இருக்கிறதா என்று தோலை அழுத்திப் பார்த்தார். எல்லாம் அரை மணி நேரம். ‘உடம்பு எப்படி இருக்கு’ என்று என்னை முதலில் கேட்டவர் அவர்தான், மற்ற எல்லாரும் பிள்ளையைத்தான் கேட்டார்கள்.

இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. நம் பெண்கள் பிரசவத்துக்குப் பின் தாய்வீட்டுக்குப் போவார்கள். காஹாங் கிளினிக்கில் பதிந்த பெண் சிகாமாட்டில் அம்மா வீட்டில் இருந்தால், மிஸ்ஸி வந்து பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுப் போவார். எந்த வீட்டில் இருக்கப்போகிறீர்கள் என்பதைப் பிரசவத்துக்கு முன்பே கிளினிக்கில் சொல்லுங்கள், கர்ப்ப காலத்தில் கிளினிக்கில் கொடுத்த இளஞ்சிவப்புப் புத்தகத்தைக் கையோடு கொண்டுபோய் அந்த ஊர்க் கிளினிக்கில் காட்டுங்கள்.

மிஸ்ஸியின் அடுத்த வருகைக்காகக் காத்திருக்கக் கூடாத சிலவும் உண்டு. ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் முழுக்க நனைவது, பெரிய கட்டியாக ரத்தம் விழுவது. 38 டிகிரிக்கு மேல் காய்ச்சல். உதிரப்போக்கில் துர்நாற்றம். ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும். திடீரென்று மூச்சு முட்டுவது, நெஞ்சு வலி. தாங்கமுடியாத தலைவலியோடு கண் மங்குவது. இந்தக் கடைசி அறிகுறி ரத்த அழுத்தம் ஏறியதைக் காட்டுவது. கர்ப்பத்தில் அழுத்தமே இல்லாத பெண்ணுக்கும் பிரசவத்துக்குப் பின் ஆறு வாரம்வரை அது வரலாம். இவற்றில் எது வந்தாலும், இரவு ஒரு மணியாக இருந்தாலும், ‘விடியட்டும்’ என்று இருக்கக்கூடாது. காஹாங்கில் இருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம், ஏனென்றால் ஆஸ்பத்திரி பக்கத்தில் இல்லை. 999-ஐ அழையுங்கள், அல்லது காரை எடுங்கள்.

உடம்பு பிடித்துவிடுவதும் வயிற்றுக்குத் துணி கட்டுவதும் நமக்கும் உண்டு, மலாய்க்காரர்களிடமும் உண்டு. இங்குள்ள தமிழ்ப் பெண்கள் பலருக்கு மலாய் மருத்துவச்சியான பீடான்தான் வந்து, ஊருட் என்று உடம்பு பிடித்துவிட்டு, பெங்கோங் என்கிற வயிற்றுத்துணியைக் கட்டிவிடுகிறார். இதை மூடப்பழக்கம் என்று யாரும் ஒதுக்கவேண்டியதில்லை. சுகாதார அமைச்சே 2007 முதல் சில அரசாங்க மருத்துவமனைகளில் பாரம்பரிய மருத்துவப் பிரிவு நடத்துகிறது, பேறுகாலப் பராமரிப்பும் அதில் சேர்த்தி. ஜொகூர் பாருவில் சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனை அப்படி முதலில் தொடங்கியவற்றுள் ஒன்று. முதுகு, தோள், கைகால் பிடித்துவிட்டால் நன்றாகத் தூக்கம் வரும். சிசேரியன் ஆனவர்கள் டாக்டர் சொல்லும்வரை வயிற்றைத் தொடவிடாதீர்கள். வீங்கி வலிக்கிற காலையும் பிடித்துவிடக்கூடாது. துணியை மூச்சு முட்ட இறுக்கவும் வேண்டாம்.

தும்மும்போதும் சிரிக்கும்போதும் சிறுநீர் சொட்டுகிறது என்று எத்தனையோ பெண்கள் வருஷக்கணக்கில் யாரிடமும் சொல்லாமல் இருக்கிறார்கள். அது வெட்கப்படவேண்டிய விஷயமில்லை, தசை தளர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். சிறுநீரை அடக்குவதுபோல அந்தத் தசையை இறுக்கி, ஐந்து எண்ணி, விட்டுவிடுங்கள். பத்துத் தடவை, நாளுக்கு மூன்று வேளை. பால் கொடுத்துக்கொண்டே செய்யலாம்.

இனி மனசு. மூன்றாம் நாள், நான்காம் நாள் காரணமில்லாமல் அழுகை வரும். பிள்ளை உண்டாயிருந்தபோது உடம்பில் உச்சத்தில் இருந்த ஹார்மோன்கள் பிரசவமானதும் சடசடவென்று இறங்கிவிடுகின்றன. அதே மூன்றாம் நான்காம் நாளில்தான் மார்பில் பால் கட்டும், தூக்கமும் இருக்காது. இந்த அழுகை பெரும்பாலான தாய்மார்களுக்கு வந்து இரண்டு வாரத்துக்குள் போய்விடும். கூட இருந்தால் போதும், ‘பிள்ளை பெத்த நேரத்துல அழலாமா’ என்று அதட்டக்கூடாது.

இரண்டு வாரம் தாண்டியும் போகவில்லை என்றால் அது வேறு. பிள்ளை தூங்கினாலும் தனக்குத் தூக்கம் வராமல் கிடப்பது, எதிலும் பிடிப்பில்லாமல் இருப்பது, ‘நான் நல்ல அம்மா இல்ல’ என்ற எண்ணம் விடாமல் ஓடுவது, பிள்ளையைப் பார்க்கவே பயப்படுவது. இது மனச்சோர்வு நோய். பிரசவமான பெண்களில் சுமார் 13 சதவீதம் பேருக்கு மனநலப் பாதிப்பு, பெரும்பாலும் இந்த மனச்சோர்வு, வருகிறது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். வளரும் நாடுகளில் இது ஏறக்குறைய 20 சதவீதம். இதற்குச் சிகிச்சை உண்டு, பாலூட்டிக்கொண்டே எடுக்கக்கூடிய மருந்துகளும் உண்டு. எடின்பரோ அளவுகோல் என்று பத்தே கேள்விகள் கொண்ட ஒரு தாள் இருக்கிறது. 1987-இல் வந்தது, அதன் தமிழ் வடிவத்தையும் வேலூர்ப் பக்கம் சோதித்துச் சரிபார்த்திருக்கிறார்கள். கிளினிக்கில் இப்படிக் கேள்வி கேட்டால் மாமியார் பக்கத்தில் இருக்கிறார் என்று எல்லாவற்றுக்கும் ‘நல்லா இருக்கேன்’ என்று சொல்லிவிடாதீர்கள். தனியாகப் பேசவேண்டும் என்று கேளுங்கள். கேள்வி கேட்கவே இல்லை என்றாலும் நீங்களாகச் சொல்லுங்கள். வெளியே போய்ப் பேச முடியாவிட்டால் சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசி எண் 15555 இருக்கிறது.

அபூர்வமாக, ஆயிரத்தில் ஒன்று இரண்டு பேருக்கு, முதல் வாரங்களிலேயே புத்தி தடுமாறும். தூங்காமல் படபடவென்று பேசுவது, இல்லாத குரல் கேட்பது, பிள்ளையைப் பற்றி விபரீதமாகப் பேசுவது. ‘காத்து கருப்பு பட்டிருக்கு’ என்று மந்திரிக்கக் கொண்டுபோய் நாளைக் கடத்திவிடுகிறார்கள். சாமி கும்பிடுங்கள், விபூதி பூசுங்கள், ஆனால் முதலில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். அவளையும் பிள்ளையையும் ஒரு நிமிஷம்கூடத் தனியாக விடாதீர்கள். செத்துப்போகலாம் போலிருக்கிறது என்று ஒரு தாய் சொன்னாலும் இதேதான்.

தூக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ‘பிள்ளை தூங்கும்போது நீயும் தூங்கு’ என்று எல்லாரும் சொல்வார்கள். பிள்ளை தூங்கும்போது சமைப்பது யார் என்பதைச் சொல்லமாட்டார்கள். ஒரு நாளில் ஒரு தடவையாவது தொடர்ந்து நான்கு மணி நேரம் அவள் தூங்க வழிசெய்யுங்கள். பால் கொடுத்து முடித்ததும் பிள்ளையை அடுத்தவர் வாங்கி, ஏப்பம் விடவைத்து, துணி மாற்றி, தூங்கவைத்து, அடுத்த பசிக்கு மட்டும் அவளிடம் கொடுக்கவேண்டும். பால் கறந்து வைத்திருந்தால் அந்த ஒரு வேளையும் மிச்சம். அப்பாக்களால் முடியாத வேலை இதில் ஒன்றுகூட இல்லை.

அப்பாக்களுக்கு இப்போது சட்டமும் இடம் கொடுக்கிறது. 2023 ஜனவரி 1 முதல் தனியார் துறையில் பேறுகால விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது, தகப்பனுக்கும் சம்பளத்தோடு தொடர்ந்து 7 நாள் விடுப்பு கிடைத்தது. தகப்பன் அதே முதலாளியிடம் குறைந்தது 12 மாதம் வேலை செய்திருக்கவேண்டும், எதிர்பார்க்கும் பிரசவத் தேதிக்கு 30 நாளுக்கு முன்பே சொல்லிவைக்கவேண்டும். தோட்டத்தில் நாள்கூலிக்குப் போகிற பெண்ணுக்கும் இந்த 98 நாள் உண்டு. பிரசவத்துக்கு முந்தைய ஒன்பது மாதத்தில் குறைந்தது 90 நாள் அந்த முதலாளியிடம் வேலையில் இருந்தால் விடுப்புக்குப் படியும் உண்டு. விடுப்பைப் பிரசவத்துக்கு 30 நாள் முன்பே தொடங்கலாம், ஆனால் அப்படித் தொடங்கினால் பிள்ளை பிறந்தபிறகு 68 நாள்தான் மிஞ்சும். உடம்பு இடம் கொடுத்தால் பின்பக்கம் நாளைச் சேமித்துக்கொள்ளுங்கள். கணவரின் 7 நாளைப் பெயர் சூட்டு விழா வேலைக்கு ஒதுக்கிவைக்கும் வீடுகள் இருக்கின்றன. அது முக்கியமாகத் தேவைப்படுவது ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்த முதல் வாரத்தில், அவள் அழுகிற அந்த மூன்றாம் நான்காம் நாளில். சமையலைக் கற்றுக்கொள்ள நேரமில்லை என்றால் துணியையும் பாத்திரத்தையும் எடுத்துக்கொள்ளட்டும்.

பிள்ளை பார்க்க வருகிறவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். எனக்கு இரண்டாவது பிறந்தபோது, பத்தாம் நாளோ பதினோராம் நாளோ, எதிர்வீட்டு மலாய் மக்சிக் ஒரு மங்குத்தட்டில் சோறும் விரால் குழம்பும் மூடி எடுத்துவந்தார். பிள்ளையைக் கையில் கேட்கவில்லை. தட்டை மேசையில் வைத்துவிட்டு நேராகப் பின்கட்டுக்குப் போய், ஊறிக்கொண்டிருந்த பிள்ளைத் துணியை அலசிக் கொடியில் போட்டார். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “தீடோர், தீடோர்” என்றார். தூங்கு என்று அர்த்தம். நான் கண்ணை மூடியபோது மணி பன்னிரண்டு இருக்கும். பள்ளிவாசலில் பிற்பகல் அசார் பாங்கு சொல்கிற சத்தத்தில் விழித்தேன். பிள்ளை அவர் மடியில் கையைச் சூப்பிக்கொண்டிருந்தது. பசி வந்ததும் என்னிடம் கொடுத்துவிட்டு, காய்ந்த துணியை மடித்து வைத்துவிட்டுத்தான் அவர் வீட்டுக்குப் போனார்.